யாரும் சாகவில்லை, இனிச் செய்தி

ஆனைகட்டியில் ஆற்றுக்கு இந்தப் பக்கம் தமிழ்நாடு, அந்தப் பக்கம் கேரளம். கோவையிலிருந்து வரும் பேருந்துகளில் பாதி எல்லையிலேயே திரும்பிவிடும். கேபிள் மட்டும் எதையும் கேட்காமல் ஆற்றைத் தாண்டிப் போகிறது. நான் போய்வந்துகொண்டிருந்த உள்ளூர் சேனல் அட்டப்பாடிப் பக்கத்தில், ஓர் இரும்புக் கடையின் மாடியில் இருந்தது. நாள் முழுவதும் சினிமாப் பாட்டு, நடுநடுவே நகைக்கடை விளம்பரம், திருவிழா நாட்களில் கோயில் ஊர்வலம். சனிக்கிழமை மாலை ஏழு மணிக்குப் பத்து நிமிடம் இருளர் மொழியில் செய்தி. என் வேலை அந்தப் பத்து நிமிடம்தான்.

கோவையில் ஒரு நாளிதழின் செய்தி மேசையில் இருந்து ஓய்வு பெற்றவன் நான். குடும்பம் முதலமடைப் பக்கம். மாங்காய்க் காலத்தில் தோப்புக்குப் போய்விடுவேன், மற்ற மாதங்களில் கோவைதான். வெள்ளிக்கிழமைகளில் ஆனைகட்டிப் பேருந்தில் ஏறி உட்கார்ந்தால், தடாகம் தாண்டியதும் செங்கல் சூளைகள் குறைந்து, காற்று மாறும். இருளர் மொழி எனக்குப் பாதிதான் புரியும். வாசிக்கும் பெண் தமிழ் எழுத்தில் எழுதிக்கொண்டு வருவார். ஒரு தடவை படித்துக் காட்டுவார், பிறகு எனக்குத் தமிழில் சொல்வார். யார், எங்கே, எப்போது, யார் சொன்னது என்று நான் கேட்பேன். விடை இல்லாத செய்தி அந்த வாரம் நிற்கும். மேசையில் முப்பது வருடம் செய்ததைத்தான் இங்கேயும் செய்தேன்.

அந்தப் பெண் ஓர் இருளர் ஊரில் பிறந்து இன்னோர் இருளர் ஊரில் வாழ்க்கைப்பட்டவர். அட்டப்பாடியில் ஊர் என்றாலே அவர்களுடைய குடியிருப்புதான். வரலாறு படித்துப் பட்டம் வாங்கியிருந்தார். வாரத்தில் ஆறு நாள் கடைவீதியில் இருந்த கணினி மையத்தில் வேலை. பென்ஷனுக்குக் கைரேகை வைக்க, ரேஷன் அட்டையில் பேர் சேர்க்க, பள்ளிக்கூட உதவித்தொகைக்கு என்று எல்லா ஊர்களிலிருந்தும் ஆட்கள் அவர் முன்னால் வந்து உட்காருவார்கள். அப்படி உட்காருகிறவர்கள் வெறுமனே உட்காருவதில்லை, பேசுவார்கள். எந்த நிருபருக்கும் கிடைக்காத நாற்காலி அது.

கல்லூரியில் படித்த காலத்தைப் பற்றி ஒரு முறை சொன்னார். விடுதியில் ஞாயிற்றுக்கிழமை படம் போடுவார்கள். ஒரு படத்தில் காட்டு மக்கள் கூட்டம் ஒன்று, உடம்பெல்லாம் கரியைப் பூசிக்கொண்டு, ஈட்டியோடு வந்து ஏதோ கத்தியது. அறையில் இருந்த எல்லோரும் திரும்பி இவரைப் பார்த்தார்கள். "என்ன சொல்றாங்க, சொல்லுடீ" என்று கேட்டார்கள்.

"நீங்க என்ன சொன்னீங்க?" என்றேன்.

"ஹாஸ்டல்ல சாம்பார்ல உப்பில்லைன்னு சொல்றாங்கன்னேன். நம்பிட்டாங்க சார். அப்பறம் ஒண்ணு ரெண்டு எண்ணச் சொன்னாங்க. வாய்க்கு வந்ததைச் சொல்லிக் குடுத்தேன். மூணு வருசம் அதையே சொல்லிட்டுத் திரிஞ்சாளுங்க."

சேனல் முதலாளி கோவைக்காரர். கேபிள் இணைப்பில் தொடங்கி, சேனல் வரை வந்தவர். கெட்ட மனிதர் இல்லை. தனக்கு இருக்கும் வாடிக்கையாளர்களில் பாதிப் பேர் இருளர்கள் என்பது அவருக்குத் தெரியும், அவர்களுக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்றும் நினைத்தார். செய்தி ஆரம்பித்தபோது, பின்னால் மாட்டுவதற்குப் படம் வரைந்த ஒரு திரைச்சீலை வாங்கிவந்திருந்தார். அதில் ஒரு குடிசை, ஓர் அருவி, இரண்டு மான்கள்.

அந்தப் பெண் அதைச் சுற்றி வந்து பார்த்தார். "ஏனுங்கண்ணா, மத்த சேதியிலெல்லாம் பின்னாடி பூமி உருண்டை சுத்துது. எங்களுக்கு மட்டும் எதுக்குங்க மானு? எங்க ஊடு கான்கிரீட்டு ஊடுங்க. ஒழுகுது, அது வேற."

முதலாளி சிரித்துவிட்டார். நீல நிறப் போர்வை ஒன்றை மாட்டினோம். திரைச்சீலை சுருட்டப்பட்டு, வயர் கட்டுகளின் மேல் போனது.

முதல் செய்தியறிக்கையை அவர் படித்துக் காட்டியபோது, வணக்கம் சொன்ன கையோடு ஒரு வரி வந்தது. எனக்குப் புரிந்த பாதியில் அது இருந்தது. ஆனாலும் கேட்டேன்.

"'யாரும் சாகலை, இனி சேதி'ன்னு சொன்னேன் சார்."

"அது செய்தி இல்லையேம்மா. நடக்காத ஒண்ணை எதுக்கு முதல்ல சொல்றீங்க?"

அவர் விளக்கினார். அவர் பிறந்த ஊரிலும், சுற்றியுள்ள சில ஊர்களிலும் இது வழக்கம். இன்னோர் ஊரிலிருந்து ஆள் வந்தால், வாசலில் நின்றபடியே முதலில் இதைச் சொல்வார். பிறகுதான் தண்ணீர் வாங்கிக் குடிப்பார், உட்காருவார், வந்த காரியத்தைச் சொல்வார். சாவு விழுந்திருந்தால், அது யாரோ தூரத்து ஆள் என்றால், அதையும் நேராகச் சொல்லிவிடுவார். கேட்கிறவரின் சொந்த இரத்தம் என்றால் மட்டும் எதையும் சொல்ல மாட்டார். தண்ணீர் குடிப்பார், மழையைப் பற்றிப் பேசுவார், அவர்கள் சாப்பிட்டு முடிக்கும் வரை காத்திருப்பார். சாப்பிடாமல் சுடுகாட்டுக்குப் போகக் கூடாது என்று.

அட்டப்பாடி முழுவதும் இப்படியா என்று எனக்குத் தெரியாது. நான் அவர் சொன்னதைத்தான் எழுதுகிறேன். முதல் வரியில் முக்கியமான செய்தி இருக்க வேண்டும் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். கேட்கிறவனுக்கு அதைவிட முக்கியமான செய்தி எது என்று யோசித்துப் பார்த்தேன், ஒன்றும் தோன்றவில்லை. வரி இருக்கட்டும் என்றேன்.

செய்திகள் சிறியவை. எந்தக் கிழமை கண் டாக்டர் வருகிறார், எந்த ஊர்த் துவரைக்குள் யானை இறங்கியது, எந்தத் திருப்பத்தில் பேருந்து நிற்காமல் போகிறது, ஆட்டுச் சந்தையில் விலை எப்படி. கடைசியில் ஒரு சினிமாச் செய்தி கட்டாயம் இருக்கும். அதை நீக்கலாமா என்று ஒருமுறை கேட்டேன்.

"யானை வந்தது எங்களுக்குத் தெரியும் சார், நாங்கதான முடுக்கறோம். நடிகருக்குக் கல்யாணமான்னுதான் தெரியாது."

எட்டு மாதம் போல இப்படிப் போயிற்று. பிறகு, மலைப்பக்கம் புதிதாக வந்த ஒரு ரிசார்ட்டின் மேலாளர் சேனலுக்கு வந்தார். வாரம் அரை மணி நேரம் காட்டு மக்களின் ஆட்டம், பாட்டு, தேன், மூலிகை என்று ஒரு நிகழ்ச்சி வேண்டும், செலவு அவர்களுடையது. சனிக்கிழமை ஏழு மணி வேண்டும். அந்த நேரம்தான் அவர்களுடைய விருந்தாளிகள் அறைக்குத் திரும்பி டிவி போடுவார்கள்.

முதலாளி எங்கள் இருவரையும் உட்கார வைத்துப் பேசினார். செய்தி அந்த மாதக் கடைசியோடு நிற்கும். அந்தப் பெண்ணே புது நிகழ்ச்சியை நடத்தலாம். பாசிமணி போட்டுக்கொண்டு, பழைய முறையில் சேலை கட்டி, ஒவ்வோர் ஆட்டத்துக்கும் முன்னால் தமிழில் இரண்டு வார்த்தை. சம்பளமும் கூடும்.

"ஒளிக்காம எல்லாத்தையும் சொல்லீட்டேனுங்க. எனக்கும் வருத்தந்தான்," என்றார். "ஆனா நீங்களே சொல்லுங்க சார், இந்தச் சேதியை ஆரு பாக்கறாங்க? ஒரு போனு வந்திருக்குதா? பாட்டு நின்னா நூறு பேரு கூப்படறான். சேதி நின்னா ஆராச்சும் கேப்பானா?"

உண்மையில் ஒரு போனும் வந்ததில்லை.

அந்தப் பெண் கோபப்படவில்லை. "ஆடறதுக்கு என் கொழுந்தன் வருவானுங்கண்ணா. ஆட்டம்னா அவனுக்குச் சோறு வேண்டாம். அந்த நிகழ்ச்சி வையுங்க, நல்லாருக்கும். எனக்கு வாசிக்கறது போதும். வேற கெழமை குடுத்தாலும் செரி."

"வேற கெழமைல விளம்பரம் இல்லீங்களே அம்மிணி."

படி இறங்கும்போது அவர் என்னிடம் சொன்னார். அந்த ஒரு இடத்தில்தான் சற்றுக் குரல் மாறியது. "வெளியாளுங்க எங்களைப் பாக்கறதுக்கு நெறைய இருக்குது சார். நாங்களே எங்களுக்காகப் பாக்கறது இது ஒண்ணுதான். எம்மவ பள்ளிக்கூடத்துல சொல்லிக்கறா, எங்கம்மா நியூஸ் வாசிக்குதுன்னு."

மாதக் கடைசிக்கு முந்தின சனிக்கிழமை. வெள்ளியன்றே பதிவு முடித்துவிட்டு நான் கோவைக்கு வந்துவிட்டேன். படத்தொகுப்பு முதலாளியே மடிக்கணினியில் செய்வார். அன்று நகைக்கடைக்காரர் அவரைக் கூப்பிட்டிருக்கிறார். அவருடைய கடையில் ஓர் இருளர் பெண் வேலைக்குச் சேர்ந்திருந்தார். விளம்பரம் முடிந்ததும் வரும் முதல் வரிக்கு என்ன அர்த்தம் என்று அவர் மூலம் முதல்முறையாகத் தெரிந்துகொண்டிருக்கிறார் நகைக்கடைக்காரர். மணப்பெண் நெக்லஸைப் போட்டுக்கொண்டு சிரிக்கிறாள், அடுத்த நொடி சாவு என்ற சொல். எந்த நகைக்கடைக்காரரும் கூப்பிடத்தான் செய்வார். முதலாளி அந்த வரியை வெட்டினார். நான்கு நொடி. யாரிடமும் சொல்லவில்லை, சொல்ல வேண்டும் என்று அவருக்குத் தோன்றவுமில்லை.

ஏழே கால் மணிக்கு எனக்கு அந்தப் பெண்ணின் போன் வந்தது.

"சார், வரியைக் காணோம். எங்க மாமியா எந்திரிச்சு நின்னுட்டு என்னையே பாக்குது. ஆருன்னு கேக்குது. ஆருமில்லீங்கத்தேன்னு சொன்னா, 'சேதி சொல்றவளே நீதான், நீயே மறைச்சா நான் ஆரைக் கேக்க'ங்குது. எனக்கு முன்னாடி தட்டத்தை வெச்சு, நீ மொதல்ல சாப்பிடுங்குது. எங்கம்மா ஊட்டுல ஏதோ ஆயிருச்சுன்னு முடிவே பண்ணிருச்சு. நான்தான சார் வாசிச்சேன், எனக்கே சந்தேகம் வந்திருச்சு. அம்மாவுக்குப் போன் போட்டா எடுக்க மாட்டேங்குது."

"ஏன் எடுக்கலை?"

"அங்க டவர் இல்லீங்க. எப்பவும் இல்லை. இன்னைக்குத்தான் அது பயமா இருக்குது."

விஷயம் எனக்கு மெதுவாகத்தான் உறைத்தது. அந்த வரி சொல்லப்படாவிட்டால் சாவு உண்டு என்று அர்த்தம். அதுவும் கேட்கிறவரின் வீட்டுச் சாவு. அன்று மாலை எத்தனை வீடுகளில் டிவியோ போனோ ஓடியதோ, அத்தனை வீடுகளிலும் போனது தங்கள் ஆள்தான் என்று நினைத்திருப்பார்கள். ஆகவே முதலில் எல்லோரும் உட்கார்ந்து சாப்பிட்டிருப்பார்கள்.

ஞாயிறு முதல் பேருந்தில் போனேன். ஆனைகட்டியில் இறங்கி ஆற்றைக் கடந்தபோது, இரும்புக் கடையிலிருந்து வளைவு வரை ஜீப்புகள் நின்றன. சாலையோரம் ஆட்கள், நல்ல சேலையும் வேட்டியுமாக. ஒரு சாவு வீட்டுக்குப் போகிற கூட்டம், வீடு எது என்று தெரியாமல் நின்றுகொண்டிருந்தது. ஒருவர் சடங்குக்கென்று கிடாவையும் கொண்டுவந்திருந்தார். அதை மாடிப்படியில் கட்டியிருந்தார்கள், அது இரும்புக் கடையின் காலி சிமெண்ட் சாக்கை மென்றுகொண்டிருந்தது.

முதலாளி மாடியில் உள்தாழ்ப்பாள் போட்டுக்கொண்டிருந்தார். நான் பேர் சொன்னபின் திறந்தார். "ஏனுங்க சார், அடிக்க வந்திருக்காங்களா? அந்த ரிசார்ட்டு சமாச்சாரம் தெரிஞ்சுபோச்சுங்களா?"

"இல்லைங்க. யார் செத்ததுன்னு கேட்க வந்திருக்காங்க."

"ஆரு செத்தது?"

"யாரும் சாகலை. நீங்க அதை வெட்டிட்டீங்க."

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார்.

அந்தப் பெண் எனக்கு முன்பே வந்து கீழே நின்றார். விடியற்காலையிலேயே கொழுந்தனின் பைக்கில் அம்மா ஊருக்குப் போய், அம்மா கோழிக்குத் தீனி போட்டுக்கொண்டிருந்ததைக் கண்ணால் பார்த்துவிட்டு வந்திருந்தார். வந்ததும் படியில் ஏறி நின்று, எல்லோருக்கும் சேர்த்து, யாரும் சாகவில்லை என்று சொல்லியிருக்கிறார். ஒருவரும் நகரவில்லை. பொதுவாகச் சொல்வது மறைப்பதற்கும் உதவும் என்பது அவர்களுக்குத் தெரியும். எனவே ஒவ்வொருவராகச் சொல்ல வேண்டியதாயிற்று. இருளர் மொழியில்தான் சொன்னார், எனக்குப் புரிந்த அளவில் அது இப்படி இருந்தது.

"உங்க அண்ணன் நேத்து மதியம் எங்க சென்டருக்கு வந்தாரு. பென்ஷனுக்குக் கைரேகை வெச்சாரு. ரேகை விழலைன்னு என்னையத் திட்டிட்டுப் போனாரு. செத்த ஆளு திட்டுமா?"

அண்ணனைக் கேட்டு வந்த அம்மாள் சிரித்துவிட்டு ஜீப்பில் போய் ஏறிக்கொண்டார்.

"உங்க மவ ஆஸ்பத்திரியில இல்லை. துணிக்கடையில இருக்கா. வேணும்னா அங்க போய்ப் பாருங்க, ஆனா துணி எடுக்கச் சொல்லுவா."

வயதான ஒருவர் மட்டும் எதுவும் கேட்காமல் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். கேட்டால் சொல்லிவிடுவார்கள் என்று கேட்காமல் இருந்தார். அந்தப் பெண் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்து, அவருடைய இரண்டு மகன்களுக்கும் போன் போட்டு, இரண்டு பேரையும் அப்பாவிடம் பேச வைத்தார். இரண்டாவது மகன் தூக்கம் கலைந்த கோபத்தில் கத்தியது எங்கள் எல்லோருக்கும் கேட்டது. பெரியவருக்கு அதற்குப் பிறகுதான் டீ இறங்கியது.

முதலாளி கீழே வந்து எல்லோருக்கும் டீ சொன்னார். ஒரு நடுத்தர வயதுப் பெண் தமிழில் அவரைப் பிடித்துக்கொண்டார். "கேபிள்காரரே, மாசாமாசம் நாந்தான் உங்களுக்குக் காசு குடுக்கறேன். எம் புருசனை ராத்திரியோட ராத்திரியா சாவடிச்சுட்டீங்களே. நல்ல மனுசனா இருந்தாலும் பரவால்லை, குடிகாரன், அவனுக்குப் போயி நான் அழுதேன்."

"தப்புதானுங்க," என்றார் முதலாளி.

"தப்புன்னா? அழுத கண்ணீரைத் திருப்பித் தருவீங்களா?" அருகில் நின்ற புருஷன் டீயை ஊதிக் குடித்தபடி தலையாட்டினார். அவருக்குப் பெருமையாக இருந்தது போலத் தெரிந்தது.

கூட்டம் மெல்லக் கலைந்தது. வந்ததே வந்தோம் என்று கடைவீதிக்குப் போனார்கள். கிடாவின் சொந்தக்காரர் அதைத் திரும்பக் கொண்டுபோக மனமில்லாமல், குலசாமிக்கு நேர்ந்துகொண்டதாக ஜீப்பில் இருந்தவர்களிடம் அறிவித்தார். அதற்கு எல்லோரும் உடனே சம்மதித்தார்கள்.

முதலாளி சாலையைப் பார்த்துக்கொண்டே நின்றார். "இத்தன பேரு பாக்கறாங்களா," என்றார், யாரிடமும் இல்லாமல்.

"இவங்க ஜீப்பு கெடைச்சவங்க மட்டுந்தானுங்கண்ணா," என்றார் அந்தப் பெண்.

அன்றைக்கு வேறொன்றும் பேசவில்லை. புதன்கிழமை முதலாளி எனக்குப் போன் செய்தார். அவர் நகைக்கடைக்காரரிடம் போய், ஞாயிற்றுக்கிழமை எடுத்த ஜீப்பு வரிசை வீடியோவைக் காட்டியிருக்கிறார். விளம்பரத்தை அந்த வரிக்கு முன்னால் போடாமல் பின்னால் போடலாம் என்று யோசனை சொல்லியிருக்கிறார். ஊட்டுல எல்லாரும் நல்லா இருக்காங்கன்னு கேட்ட மனசோடுதான் ஆளுக நகை வாங்குவாங்க என்பது அவருடைய வாதம். நகைக்கடைக்காரர் ஒரு வருடத்துக்கு ஒப்புக்கொண்டார். செய்தி பழைய நேரத்திலேயே தொடர, ரிசார்ட் நிகழ்ச்சி ஞாயிற்றுக்கிழமைக்குப் போயிற்று. அதில் கொழுந்தன் ஆடினார். நன்றாகவே ஆடினார், அவருக்குத் தலையில் இறகு வைத்திருந்தார்கள். எந்தப் பறவையின் இறகு என்று அண்ணியார் கேட்டதற்கு, மேக்கப் பெட்டியில் இருந்தது என்று பதில் வந்ததாம். ஊரில் அவருக்கு இப்போது தனி மதிப்பு. எனக்கு அந்த நிகழ்ச்சி பிடிக்கவில்லை. ஆனால் அதில் ஆடுகிறவர்களில் ஒருவரும் என் அபிப்பிராயத்தைக் கேட்கவில்லை.

அந்த வாரம் வெள்ளிக்கிழமை பதிவு முடிந்து நான் கோவைக்குத் திரும்பாமல், சனிக்கிழமை மாலை வரை ஆனைகட்டியிலேயே தங்கினேன். ஏழு மணிக்கு, கேரளப் பக்கத்து டீக்கடையில் டிவி ஓடிக்கொண்டிருந்தது. அட்டப்பாடி ஜீப்புக்குக் காத்திருந்தவர்கள் பெஞ்சுகளில் இருந்தார்கள், பெரும்பாலும் இருளர்கள், கூலி வேலை முடித்து வந்தவர்கள். கடைக்காரர் கோட்டயத்துப் பக்கத்து மலையாளி.

நீலப் போர்வைக்கு முன்னால் அந்தப் பெண் தோன்றினார். காட்டன் சேலை, கழுத்தில் ஒரு மெல்லிய சங்கிலி. வணக்கம் சொன்னார், வரியைச் சொன்னார். கடையில் எந்த அசைவும் இல்லை, ஒருவர் வடையைப் பிட்டார். நெக்லஸ் மணப்பெண் வந்து போனாள். பிறகு செய்தி. வளைவில் பேருந்து இனி நிற்கும் என்று பணிமனையில் சொல்லியிருக்கிறார்கள். கண் டாக்டர் இந்த வாரம் விடுப்பு. மூன்று ஊர்களில் மின்மாற்றி பழுது. ஒரு நடிகர் தன் படத்தின் பெயரை மாற்றிவிட்டார்.

"எந்தா பறயுன்னது?" என்று கடைக்காரர் பெஞ்சைப் பார்த்துக் கேட்டார்.

"பஸ்ஸு நிக்குமாம்," என்றார் ஒருவர், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"வேற?"

"சும்மா இருங்க சேட்டா, சினிமா சொல்லுது."

முடிந்ததும் பாட்டு வந்தது. என் பக்கத்தில் இருந்தவர், சுமார் ஐம்பது வயதுக்காரர், தம்ளரைக் கீழே வைத்தார். என்னை யாரென்று அவருக்குத் தெரியாது. "எல்லாஞ் செரி," என்றார் தமிழில், "இந்தப் புள்ளை கொஞ்சம் வேகமா வாசிக்குது. கோயமுத்தூருச் சேதியில வர்ற புள்ளை நிதானமா வாசிக்கும்." எதிரில் இருந்தவர், இல்லை, அந்தப் புள்ளைதான் இழுக்கிறது, இதுதான் சரி என்றார். ஜீப் வரும் வரை இரண்டு பேரும் அதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்கள்.

அடுத்த வெள்ளிக்கிழமை இந்தப் புகாரை அவரிடம் சொன்னேன். அவர் காகிதங்களை அடுக்கிக்கொண்டே கேட்டார். முகத்தில் ஒரு நிறைவு இருந்தது, ஆனாலும் விட்டுக்கொடுக்கவில்லை.

"ஏழு பத்துக்கு எங்க பக்கம் கரண்ட்டு போயிருமுங்க சார். நிதானமா வாசிச்சா சினிமாச் சேதி ஆருக்கும் கேக்காது."